ஓட்டோடு வந்த மாத்திரை

பிப்ரவரி 11

மச்சானுக்கு,

இதை எழுதறது கீழ்வீட்டுத் தையல்காரம்மா. சொல்றது நான். எனக்கு எழுத்து வராதுன்னு உனக்குத் தெரியும், அதை நாலு பேர் நடுவுல உரக்கச் சொன்னவன் நீ. பதினொரு வருஷம் நாலு மாசம் கழிச்சு உனக்குச் சேதி அனுப்பறேன்னா அது ஆசையில இல்லை, அவசியத்துல. போன்ல பேசிடலாமேன்னு தையல்காரம்மா கேட்டாங்க. நீ கடைசியா சொன்னது இன்னும் என் காதுல இருக்கு, அதுக்கு மேல இன்னொண்ணு வேண்டாம்.

விஷயம் இதுதான். எனக்குப் பெருங்குடல்ல புண். தொத்து நோய் இல்லை, புத்து நோயும் இல்லை. உடம்பே தன் குடலை எதிரின்னு நினைச்சு அடிக்குதாம், டாக்டர் அப்படித்தான் சொன்னார். மூணு வருஷமா இருக்கு. முதல் ரெண்டு வருஷம் மாத்திரையில அடங்கி இருந்தது. யாராவது கூப்பிட்டா போய் ஒரு குழாய் மாத்திக் குடுத்துட்டு வர்ற அளவுக்குத் தெம்பா இருந்தேன். போன வருஷம் செப்டம்பர்ல திரும்பிடுச்சு. ரத்தம் போகுது. ஒரு நாளைக்கு ஒன்பது தடவை. (இதைச் சொல்ல நான் தயங்கினேன். தையல்காரம்மா, "நானும் ரெண்டு பிள்ளை வளர்த்தவதான், சொல்லுங்க"ன்னுட்டாங்க.)

மாத்திரையைக் கூட்டிப் பார்த்தார், கேக்கலை. இன்னொரு சின்ன வெள்ளை மாத்திரை குடுத்தார், அதைச் சாப்பிடற வரைக்கும் நல்லா இருக்கும், நிறுத்தினா பழைய குருடி. அதை வருஷக்கணக்குல குடுத்தா எலும்பு உளுத்துப் போகுமாம். புது ஊசி ஒண்ணு இருக்கு, அது எனக்கு ஆகாது. வாலிபத்துல வந்த காசநோயோட தழும்பு நெஞ்சுல இருக்காம், ஊசி போட்டா அது முழிச்சுக்குமாம். அதனால பெருங்குடலை வெட்டி எடுத்துட்டு, வயித்துல ஓட்டை போட்டுப் பை மாட்டிடலாம்னு முடிவு. ஏப்ரல் ரெண்டு.

நான் எத்தனையோ வீட்டுல உளுத்த குழாயை அறுத்து எறிஞ்சிருக்கேன். ஒரு குழாயும் என்கிட்டே வாக்குவாதம் பண்ணினதில்லை. நானும் பண்ணலை. ஆனா சொந்தக்காரர் ஒருத்தர் கையெழுத்துப் போட்டுப் பத்து நாள் கூட இருக்கணுமாம். எனக்குப் பிள்ளை இல்லை, அண்ணன் தம்பி இல்லை. உன் தங்கச்சியும் இல்லை. மிச்சம் இருக்கிறது நீ.

வருவியா மாட்டியா, அதை மட்டும் எழுது.

— உன் தங்கச்சி புருஷன்


பிப்ரவரி 20

மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் உடல்நிலையை நீங்களே எழுதிவிட்டதால் நலம் விசாரிக்கும் வரிகளை விட்டுவிடுகிறேன்.

முப்பத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் நின்றவன் நான். சீட்டைப் படிக்காமல் எதையும் கையில் எடுத்துக் கொடுத்ததில்லை. கையெழுத்தும் அப்படித்தான். நீங்கள் எழுதியதில் எனக்கு ஒன்று பொருந்தவில்லை. இரண்டு வருடம் கட்டுக்குள் வைத்திருந்த மருந்து திடீரென்று ஏன் கைவிட வேண்டும்? கைவிடலாம், நடப்பதுதான். ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன.

என்ன மாத்திரை, எத்தனை, எந்த நேரம்? நடுவில் வேறு கம்பெனி மாத்திரை மாற்றிக் கொடுத்தார்களா? வலிக்கு ஏதாவது வாங்கிச் சாப்பிட்டீர்களா? மூட்டு வலி மாத்திரைகள் இந்தப் புண்ணைக் கிளறிவிடும். பின்வழியாகச் செலுத்தும் மருந்து கொடுத்தார்களா? இந்த நோய்க்காரர்களிடம் தினமும் குறித்து வைக்க ஒரு நோட்டுக் கொடுப்பார்கள். உங்களிடமும் கொடுத்திருப்பார்கள். அதை அனுப்பி வையுங்கள்.

இதற்கெல்லாம் பதில் வந்த பிறகு கையெழுத்தைப் பற்றிப் பேசலாம்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்


மார்ச் 1

மச்சானுக்கு,

"நீங்கள்", "உங்கள்"! வாடா போடான்னு தோள்ல கை போட்டுத் திரிஞ்சவன் மரியாதை குடுக்கிறான்னா உள்ளே இன்னும் ஆறலைன்னு அர்த்தம். சரி, எனக்கும்தான் ஆறலை.

நோட்டு இருக்கு. குடுத்தப்போ எப்படி இருந்ததோ அப்படியே வெள்ளையா இருக்கு. டாக்டர் கேக்கும்போதெல்லாம் மறந்து வீட்டுலேயே வெச்சுட்டேன்னு சொல்லிட்டிருக்கேன். எனக்கு எதுக்கு நோட்டு? கேளு, சொல்றேன்.

மாத்திரை செங்கல் நிறம், நீளமா, மேல வழவழன்னு இருக்கும். காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டு. ஆரம்பிச்சது மூணு வருஷத்துக்கு முன்னாடி, பிப்ரவரி பதினேழு, வெள்ளிக்கிழமை. ஒரு வேளையும் விட்டதில்லை. கம்பெனி மாறலை, பெட்டி மேல அதே பச்சைக் கோடு. மூட்டு வலிக்கு எதுவும் வாங்கலை. மூட்டு வலிச்சுது, வலிக்கட்டும்னு விட்டுட்டேன். பின்வழி மருந்து நவம்பர்ல குடுத்தார். குழாய் வேலைக்காரனுக்கே குழாய் விடறதான்னு கூச்சமா இருந்தது. வாங்கிட்டு வந்து அலமாரியில வெச்சேன். இன்னும் அங்கேதான் இருக்கு.

சாப்பாட்டுலயும் குறை இல்லை. காரம் இல்லை, பால் இல்லை, பழத்தோல் இல்லை. ஆஸ்பத்திரி நோயாளி மாதிரியே சாப்பிடறேன்.

இன்னொண்ணும் கேட்டுக்கோ, நான் சும்மா இருக்கிறவன் இல்லைன்னு தெரியும். போன ஆகஸ்ட் பத்தொன்பது, காலையில, போனதுல பார்க்கிறேன், ஒரு மாத்திரை முழுசா வந்து கிடக்குது. ஓட்டோட. செங்கல் நிறம் கொஞ்சம் வெளுத்திருக்கு, அவ்வளவுதான். மறுநாளும் ஒண்ணு. சாக்கடை அடைப்புக்கு நான் மருந்துக்கல் போடறவன். இந்த வாயில போட்ட கல்லு கரையாம அந்த வாயில வந்து விழுந்தா என்ன அர்த்தம்? வேலையே செய்யலைன்னு அர்த்தம். அன்னையிலிருந்து மாத்திரையைத் துணியில முடிஞ்சு, சின்னச் சுத்தியலால தட்டிப் பொடியாக்கி, தண்ணியில கலக்கிக் குடிக்கிறேன். டாக்டர் எட்டாக் கூட்டினப்போ எட்டையும் தட்டினேன். கசப்பு நாக்கை விட்டுப் போக ஒரு மணி நேரம் ஆகும். ஒரு துகள் வீண் பண்ணினதில்லை. இவ்வளவு பண்ணியும் குடல் கேக்கலைன்னா அது குடலோட தலையெழுத்து.

போதுமா? இப்போ கையெழுத்து.

— உன் தங்கச்சி புருஷன்


மார்ச் 6

மாப்பிள்ளை,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். வாசித்த உடனே செய்ய வேண்டியது: மாத்திரையைத் தட்டாதே. முழுசாக விழுங்கு. இன்று ராத்திரி வேளையிலிருந்தே.

நீ பார்த்தது மாத்திரை இல்லை, வெறும் ஓடு. இந்த மாத்திரை வயிற்றில் கரையக் கூடாது, சிறுகுடலிலும் கூடாது. பெருங்குடலுக்குப் போன பிறகுதான் திறந்துகொள்ள வேண்டும். அதற்காகவே மேலே அந்த வழவழப்பைப் பூசியிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் மருந்து புண்ணின் மேல் படிந்துவிட்டால், சில சமயம் காலி ஓடு மட்டும் வெளியே வரும். கெட்டியாக இருப்பதால் முழு மாத்திரை போலவே தெரியும். என் காலத்தில் நான்கைந்து பேராவது இதையே சொல்லிக்கொண்டு ஜன்னலில் வந்து நின்றிருக்கிறார்கள். ஒருவர் காகிதத்தில் மடித்தே கொண்டு வந்தார். நாங்கள் சொல்லி அனுப்புவோம். உனக்கு யாரும் சொல்லவில்லை.

நீ பொடியாக்கிக் குடித்த மருந்து முக்கால்வாசி மேலேயே உறிஞ்சப்பட்டு ரத்தத்தில் கலந்து போயிருக்கும். புண் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது சொற்பம். மாடித் தொட்டிக்கு ஏற்ற வேண்டிய தண்ணீரை வாசல் குழாயிலேயே திறந்துவிட்ட கதை. ஆறரை மாதமாக நீ மருந்து சாப்பிட்டும் உன் பெருங்குடல் மருந்தைப் பார்க்கவில்லை. மருந்து தோற்றுவிட்டது என்று டாக்டர் நினைக்கிறார். இந்த ஆறரை மாதமும் அது ஆட்டத்திலேயே இல்லை.

இந்த இடத்தில் இன்னொரு வாக்கியம் பேனாவில் வந்து நின்றது. எழுதவில்லை.

ஏப்ரல் இரண்டுக்கு முன் இதை நீயே டாக்டரிடம் சொல்ல வேண்டும். முழு மாத்திரையால் இனியும் பலன் இருக்குமா என்று எனக்குத் தெரியாது. இவ்வளவு நாள் எரிந்த குடல், தாமதமாகியிருக்கலாம். அதை அவர்தான் பார்த்துச் சொல்ல முடியும். ஆனால் விஷயம் தெரியாமல் வெட்டக் கூடாது. வெட்டினதை ஒட்ட முடியாது.

மச்சான்


மார்ச் 12

மச்சானுக்கு,

உன் கடுதாசியை வாசிச்சிட்டு இருந்த தையல்காரம்மா பாதியில நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாங்க. அப்புறம், "அந்தப் பெட்டியைக் கொண்டு வாங்க"ன்னாங்க. கொண்டு வந்தேன். பச்சைக் கோட்டுக்குக் கீழே சிவப்புல ஒரு வரி இருக்கே, அது என்னன்னு கேட்டேன். அவங்க கண்ணாடியைத் துடைச்சிட்டு வந்து வாசிச்சாங்க. நசுக்கவோ மெல்லவோ கூடாதாம். இந்த மூணு வருஷத்துல முப்பத்தேழு பெட்டி என் கையில வந்திருக்கு. முப்பத்தேழுலயும் அந்த வரி இருந்திருக்கு.

மாத்திரையை இப்போ முழுசா விழுங்கறேன். அது உனக்காக இல்லை. ஆனா டாக்டர்கிட்டே சொல்ல மாட்டேன்.

எனக்கு எழுத்து தெரியாதுன்னு அந்த ஆஸ்பத்திரியில ஒரு ஆளுக்கும் தெரியாது. காகிதத்தை நீட்டினா கண்ணாடி கொண்டு வரலைம்பேன். அந்த ஊர்ப்பட்ட காகிதத்துல ஒண்ணுல எங்கேயோ சொல்லியிருப்பாங்க. போன வாரம்கூட ஒரு நர்ஸம்மா, "தாத்தா, கண்ணாடியைக் கயித்துல கட்டிக் கழுத்துல மாட்டிக்கோங்க"ன்னு சொல்லிச் சிரிச்சா. நானும் சிரிச்சேன். அந்தச் சிரிப்போட இருந்துக்கறேன்.

இன்னொரு காரணம் இருக்கு. பேனாவுல வந்து நின்னுச்சுன்னியே, அந்த வாக்கியத்தை நான் சொல்லட்டுமா? அக்டோபர் ஒன்பது, சாயந்திரம் நாலு மணி பத்து நிமிஷம். ஆஸ்பத்திரி நடையில, தண்ணி மெஷின் பக்கத்துல, சட்டை மேல் பொத்தான் இல்லாம நின்னே. உள்ளே அவளைத் துணி போட்டு மூடறாங்க. நீ சொன்னே: "எழுத்து தெரிஞ்ச ஒருத்தனுக்குக் கட்டிக் குடுத்திருந்தா என் தங்கச்சி இன்னைக்கு இருந்திருப்பா." அவளோட நெஞ்சு மாத்திரையை நான்தான் குடுத்துட்டு இருந்தேன். நிறத்தை வெச்சு, கணக்கை வெச்சு. சரியாத்தான் குடுத்தேன்னு பதினொரு வருஷமா எனக்குள்ளே சொல்லிட்டு வர்றேன். ஒவ்வொரு வேளையும் எனக்கு நினைப்பிருக்கு, எண்ணிப் பார்ப்பேன், எதுவும் குறையாது.

அப்படித்தானே இதையும் எண்ணினேன்? ஒரு வேளையும் விடலைன்னு உனக்கே எழுதினேனே? எண்ணிக்கை சரி, காரியம் தப்பு. இதுல நான் தப்புப் பண்ணினேன்னு ஒரு டாக்டர் முன்னாடி வாயால ஒத்துக்கிட்டா, அதுலயும் பண்ணியிருப்பேன்னு ஆயிடும். ஒரு முழக் குடல் போனாப் போகட்டும். அவளுக்குச் சரியாக் குடுத்தேங்கிறது போகக் கூடாது.

வந்து கையெழுத்துப் போடு. இல்லைன்னா தையல்காரம்மாவையே தங்கச்சின்னு சொல்லிப் போட வெச்சுக்கறேன்.

— அவ புருஷன்


மார்ச் 18

மாப்பிள்ளை,

கையெழுத்துப் போட மாட்டேன். தையல்காரம்மாவையும் பொய் சொல்ல வைக்காதே. இந்தக் கடிதத்தை வாசிப்பவர் அவர்தான். அம்மா, தயவுசெய்து கீழே இருப்பதை ஒரு சொல் விடாமல் வாசியுங்கள்.

அந்த அக்டோபர் முடிந்து நவம்பர் முதல் வாரத்தில், ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை பார்த்தவர் மூலம் தங்கச்சியின் கோப்பை எடுத்துப் பார்த்தேன். நீ தப்புச் செய்ததற்கு ஆதாரம் தேடித்தான் எடுத்தேன். மறைக்க எதுவும் இல்லை. முழுக்கப் படித்தேன், இரண்டு முறை. மருந்து மாறவில்லை. அளவும் மாறவில்லை. கடைசியாகச் செய்த ரத்தப் பரிசோதனையில் மருந்து எந்த அளவு இருக்க வேண்டுமோ அந்த அளவு இருந்தது. நீ சரியாகக் கொடுத்திருக்கிறாய். அவள் இதயம் நின்றதற்கு அவள் இதயம்தான் காரணம்.

இதைத் தெரிந்துகொண்ட அன்றே உன்னிடம் வந்திருக்க வேண்டும். முதலில் ஒரு வாரம் போகட்டும் என்று நினைத்தேன். பிறகு மாதங்கள் போனதால் போகவில்லை, பிறகு வருடங்கள் போனதால். உன்னைக் குறை சொல்லிக்கொண்டு இருப்பது, யாரையும் குறை சொல்ல முடியாமல் இருப்பதைவிட எனக்குச் சுலபமாக இருந்தது. இதற்கு மேல் விளக்கம் என்னிடம் இல்லை.

தப்பே இல்லாத இடத்தில் தப்பு என்று சொன்னவன் நான். இப்போது தப்பு இருக்கும் இடத்தில்தான் சொல்கிறேன். இரண்டும் வேறு வேறு. ஒன்றை ஒத்துக்கொண்டால் மற்றது உன் தலையில் ஏறாது. கோப்பின் நகல் என்னிடம் இருக்கிறது. வேண்டுமானால் அனுப்புகிறேன், அம்மா வாசித்துக் காட்டட்டும்.

டாக்டரிடம் போ. போனில் நான் சொல்லிவிடலாம், ஒரு நிமிட வேலை. உன்னைக் கேட்காமல் நாலு பேர் நடுவில் உன்னைப் பற்றி ஒரு தடவை பேசியாகிவிட்டது, இனி மாட்டேன்.

மச்சான்


மார்ச் 27

மச்சானுக்கு,

நகல் வேண்டாம். தையல்காரம்மா வாசிச்சதே எனக்குப் போதும்.

செவ்வாய்க்கிழமை போனேன். டாக்டர் வழக்கம்போல, "நோட்டு?"ன்னார். "நோட்டு வெள்ளையா இருக்குங்க, எனக்கு எழுத்து தெரியாது"ன்னேன். சொல்லிட்டேன். மேல கூரை ஒண்ணும் இடிஞ்சு விழலை. அந்த நர்ஸம்மா மட்டும் கண்ணாடிக் கதையை நினைச்சோ என்னவோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. அப்புறம் சுத்தியலைச் சொன்னேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வெச்சுட்டார். "மாத்திரையை ஒழுங்கா எடுக்கறீங்களான்னு மூணு தடவை கேட்டேனே, எடுக்கறேன்னீங்களே"ன்னார். "எடுத்தேன். எப்படி எடுக்கறேன்னு நீங்க கேக்கலைங்களே"ன்னேன். கோபம் வரும்னு பார்த்தேன். "ஆமா, கேக்கலை"ன்னார்.

அப்புறம், எப்போ எத்தனை தடவை போச்சு, ரத்தம் எப்போ ஆரம்பிச்சதுன்னு உத்தேசமா சொல்ல முடியுமான்னு கேட்டார். உத்தேசம் எதுக்கு? ஆகஸ்ட் பத்தொன்பதுல ஆரம்பிச்சேன். பத்தொன்பது, ரெண்டு தடவை, ரத்தம் இல்லை. இருபது, ரெண்டு. இருபத்தொண்ணு, மூணு, ஒண்ணு தண்ணியா. இப்படி. முதல்ல என் மனசு கோணக் கூடாதுன்னு கேட்டுட்டு இருந்தவர், செப்டம்பர் ஆறுல முதல் ரத்தம்னு சொன்னதும் கம்ப்யூட்டரை இழுத்துத் தட்ட ஆரம்பிச்சார். வெளியே வரிசை நின்னுது. இருநூத்திப் பதினெட்டு நாள். வெள்ளை மாத்திரை ஆரம்பிச்ச நாள், குறைச்ச நாள், நிறுத்தின நாள், நீ சொன்னபடி முழுசா விழுங்க ஆரம்பிச்ச நாள் எல்லாம் சொன்னேன். நடுவுல அவரே ஒரு சோதனைத் தேதியைத் தப்பாச் சொன்னார், திருத்தினேன். கோப்பைப் புரட்டிப் பார்த்துட்டு, "நீங்க சொல்றதுதான் சரி"ன்னார்.

கோடு போட்டுக் காட்டினார். எனக்குக் கோடு புரியும். சுத்தியல் எடுத்த நாள்லேருந்து ஏறுது. கடைசிப் பதினஞ்சு நாள், முழுசா விழுங்கினதுக்கு அப்புறம், ஒன்பதுலேருந்து ஏழு. பெரிய மாத்தம் இல்லை, ஆனா ஏறலை.

ஏப்ரல் ரெண்டை அடிச்சிட்டார். ரத்து இல்லை, தள்ளிவைப்பு. மாத்திரை முழுசா எட்டு. வெள்ளை மாத்திரை இன்னும் ஒரு சுத்து, படிப்படியாக் குறைச்சு. அலமாரியில இருக்கிற பின்வழி மருந்தையும் போட்டே ஆகணும்னார். அதுக்குக் கூச்சப்பட்டா கத்திக்கு எப்படிக் கூச்சப்படாம இருக்கப் போறீங்கன்னு கேட்டார். நியாயம்தான். இடது பக்கம் திரும்பிப் படுத்துப் போட்டுட்டு, அரை மணி நேரம் அசையாம இருக்கேன். நடுவுல ரத்தம் கூடினாலோ காய்ச்சல் வந்தாலோ ஓடி வரணும். எட்டு வாரத்துல உள்ளே கேமரா விட்டுப் பார்ப்பாங்க. புண் குறைஞ்சிருந்தா குடல் தங்கும். இல்லைன்னா பழைய தீர்மானம்தான்.

— மாப்பிள்ளை


மே 22

மாப்பிள்ளை,

எட்டு வாரம் செவ்வாயன்று முடிந்தது. நான்கு நாளாகத் தபால்காரரை வாசலில் நின்று பார்க்கிறேன். என் மகள், "யார் கடிதம் அப்பா?" என்று கேட்டாள். அத்தை புருஷன் என்றேன். தனக்கு ஒரு கோபக்காரர் உறவாக இருக்கிறார் என்பதே அவளுக்குப் பாதி மறந்துவிட்டது.

முடிவு எதுவானாலும் எழுது. வெட்டத்தான் வேண்டும் என்றால் கையெழுத்துக்கு வருகிறேன். பையை மாற்றுவது, ஓட்டையைச் சுற்றித் தோலைக் காப்பது எல்லாம் கற்றுக்கொண்டேன், இங்கே ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் சொல்லிக் கொடுத்தார். வெட்ட வேண்டாம் என்றால் நான் வருவதற்குக் காரணம் எதுவும் இல்லை. காரணம் இல்லாமல் வரலாமா என்று கேட்டு எழுதுகிறேன்.

மச்சான்


மே 26

மச்சானுக்கு,

உன் கடுதாசியும் ஆஸ்பத்திரிச் சேதியும் ஒரே நாள்ல வந்துச்சு.

கேமரா விட்டுப் பார்த்தாங்க. மேல் பக்கம் முழுக்க ஆறிடுச்சு. கீழே ஒரு சாண் நீளத்துக்கு இன்னும் சிவப்பு இருக்கு, ஆனா ரத்தம் இல்லை. வெட்ட வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டார். முழுசா குணம்னு நினைச்சுக்காதீங்க, இது அடங்கும், கிளம்பும், மாத்திரை சாகற வரைக்கும் உண்டு, நல்லா இருக்கேன்னு நிறுத்தினா மறுபடி இங்கேதான் வரணும்னார். வெள்ளை மாத்திரை அடுத்த மாசம் நிக்குது. வருஷத்துக்கு ஒரு தடவை கேமரா. அது போதும்னு நினைக்கிறேன். எழுபத்திரெண்டு வயசுக் குழாய் இதுக்கு மேல புதுசாகாது.

நீ சொன்ன விஷயம். அந்தத் தண்ணி மெஷின் பக்கத்துல நீ சொன்னதை மறந்துடுன்னு நீ கேக்கலை. கேட்டிருந்தாலும் முடியாது, மறக்கிற வசதி எனக்கு இல்லை. நாலு மணி பத்து நிமிஷம், சட்டைப் பொத்தான், எல்லாம் இருக்கும். அதுக்குப் பக்கத்துலேயே மார்ச் இருபத்திரெண்டு, ஞாயித்துக்கிழமை, தையல்காரம்மா மெஷினை நிறுத்திட்டு, "நீ சரியாகக் கொடுத்திருக்கிறாய்"னு வாசிச்சதையும் வெச்சிருக்கேன். அவங்க அதை ரெண்டு தடவை வாசிச்சாங்க. நான் கேக்கலை.

காரணம் இல்லாம வரலாமான்னு கேட்டிருக்கே. வா. ஒண்ணு மட்டும் முன்கூட்டியே சொல்லிடறேன், இந்த வீட்டுல கழிவறை ஒண்ணுதான். காலையில ஆறு மணியும் ஏழரை மணியும் என்னோடது, அதுல சமரசம் இல்லை. மீதி நேரமெல்லாம் உனக்கு.

— மாப்பிள்ளை